துரியா கவிழ்ந்த நாள்

மும்பையின் புறநகரான பாண்டுப்பில் இரயில் பாதையைக் கடந்து கிழக்கே சென்றால் உப்பளங்களும் அலையாத்திக் காடும் வரும். அவற்றுக்கப்பால் தாணே கடற்கழி. அந்த நீர் தெற்கே சென்று மும்பைத் துறைமுகத்தில் கலந்து அரபிக் கடலாகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, அதே நகரின் தென்கோடியில் உள்ள கொலாபாவில் அதில் பத்தில் ஒரு பங்குகூடப் பெய்யவில்லை. காலையில் சாதாரணமாக வேலைக்குச் சென்ற மனிதர் பலர் அன்றிரவு வீடு திரும்பவில்லை. திடீர்ப் புயல் எத்தகையது என்பதைப் பாண்டுப்வாசிகளுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

சூறாவளி வரும்போது மனிதன் எதிர்த்து நிற்க வேண்டுமா, பணிந்துபோக வேண்டுமா? முயற்சி பெரிதா, சரணாகதி பெரிதா என்று ஆன்மிக நூல்கள் காலங்காலமாக ஆராயும் வினாவும் இதுவே. சிறு பாய்மரப் படகில் தன்னந்தனியே உலகைச் சுற்றுவோருக்கு இது தத்துவ விசாரம் அன்று. அடுத்த அலை வருவதற்குள் கைகள் விடை சொல்லியாக வேண்டும்.

இத்தகைய படகுகளில் புகழ்பெற்ற ஒன்று மும்பையில் பிறந்தது. 1960களின் முற்பாதியில் இந்நகரின் தச்சர்கள் தேக்கு மரத்தில் செய்த 32 அடிப் படகு அது. பெயர் சுஹைலி. 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மவுத்திலிருந்து அதில் புறப்பட்ட ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், எந்தக் கரையையும் தொடாமல் 1969 ஏப்ரல் 22 அன்று அதே துறைக்குத் திரும்பினார். தனி ஒருவர் நிறுத்தமின்றி உலகைச் சுற்றியது அதுவே முதல் முறை. அந்தப் போட்டியில் கிளம்பிய ஒன்பது பேரில் பயணத்தை முடித்தவரும் அவர் ஒருவரே.

தென்பெருங்கடலின் புயல்களில் அவர் செய்தது என்ன? பாய்களைச் சுருக்கினார்; கனத்த வடங்களைப் படகின் பின்புறம் நீளமாக நீரில் விட்டு இழுபட வைத்தார். படகின் வேகம் தணிந்தது. அலைகள் பின்னாலிருந்து வந்து கடந்து சென்றன.

அதே போட்டியில் இருந்த பிரெஞ்சுக்காரர் பெர்னார் முவாத்தெஸ்ஸியே இதற்கு நேர்மாறானவர். சில ஆண்டுகளுக்கு முன் மனைவியுடன் தாஹித்தியிலிருந்து ஸ்பெயினுக்கு வந்த வழியில் அவரும் புயலில் வடங்களை இழுக்கவிட்டிருந்தார். அவருடைய ஜோஷுவா எஃகுப் படகு. வடங்கள் அதைக் காக்கவில்லை. அலைக்கு விலக முடியாமல் கட்டிப்போட்டன. அவர் வடங்களை அறுத்தெறிந்தார். தடையின்றி ஓடிய படகு, ஒவ்வொரு பேரலையையும் சற்றே சாய்வாக வாங்கிக்கொண்டு பிழைத்தது.

ஒருவர் வடத்தை விட்டதால் வாழ்ந்தார். மற்றவர் வடத்தை அறுத்ததால் வாழ்ந்தார். இவற்றுள் எது சரி என்று கரையில் அமர்ந்து வாதிடுவோர் இன்றும் உண்டு. கனத்து மெதுவாகச் செல்லும் மரப்படகுக்கு உகந்தது, விரைந்தோடும் எஃகுப் படகுக்குக் கேடாகலாம். தன் படகின் இயல்பை அறிந்தவனே தன் புயலுக்கு விடை காண்கிறான். சுயதர்மம் என்னும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உரையைத் தேடுவது கடினம். பிறர் வெற்றி பெற்ற முறையை அப்படியே கடன் வாங்கும் சாதகனும் இதைச் சிந்திக்கலாம்.

ஆனால் எந்த முறையும் பலிக்காத புயலும் உண்டு. இவ்விடத்தில்தான் வினா கடினமாகிறது.

2018இல் பழைய போட்டியின் நினைவாக மீண்டும் ஒரு போட்டி நடந்தது. பழைய காலத்துக் கருவிகளைக் கொண்டே கடலில் வழி காண வேண்டும் என்பது விதி. இந்தியக் கடற்படையின் கமாண்டர் அபிலாஷ் டோமி அதில் கலந்துகொண்டார். 2012 நவம்பர் 1 அன்று மும்பையிலிருந்து புறப்பட்டு, நிறுத்தமின்றித் தனியே உலகைச் சுற்றி 2013இல் மும்பைக்கே திரும்பிய முதல் இந்தியர் அவர். இம்முறை சுஹைலியின் வடிவிலேயே கோவாவில் ஒரு படகு செய்வித்து, அதற்குத் ‘துரியா’ என்று பெயரிட்டிருந்தார். விழிப்பு, கனவு, உறக்கம் மூன்றுக்கும் அப்பால், எதனாலும் அசையாத நான்காம் நிலையை மாண்டூக்ய உபநிஷதம் கூறுகிறது. அந்நிலையின் பெயர் அது.

செப்டம்பர் 21 அன்று, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து சுமார் 1,900 கடல் மைல் தொலைவில், அசையாததன் பெயர் தாங்கிய அப்படகு முழுவதுமாக உருண்டது. பாய்மரம் முறிந்தது. அபிலாஷின் முதுகெலும்பு உடைந்தது. அவரால் எழ இயலவில்லை.

அனுபவம், பயிற்சி, தகுந்த படகு எல்லாம் இருந்தன. அவர் எதில் தவறினார் என்று தேடுவது மனித மனத்தின் பழக்கம். துன்புற்றவனிடம் ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்துவிட்டால் தனக்கு அது நேராது என்று மனம் ஆறுதல் கொள்கிறது. அந்த ஆறுதல் பொய்யானது, சற்று இரக்கமற்றதும்கூட.

படுக்கையில் கிடந்தவருக்கு எஞ்சியிருந்தது செய்கோள் வழியே குறுஞ்செய்தி அனுப்பும் கருவி ஒன்றே. முறிந்தது என்ன, தன்னால் இயலாதது என்ன என்பதைச் சில சொற்களில் தெரிவித்தார். உதவி தேவை என்று ஒப்புக்கொள்வதும் முயற்சிதான். தனிமையைத் தேடிச் சென்ற வீரனுக்கு அது பாய் கட்டுவதைவிடக் கடினமாக இருந்திருக்கக்கூடும்.

அதே புயலில் அயர்லாந்தின் கிரெகர் மெக்கக்கின் என்பவரின் படகும் பாய்மரத்தை இழந்திருந்தது. அவர் கிடைத்த பொருள்களைக் கொண்டு ஒரு தற்காலிகப் பாய்மரத்தை நட்டு, அபிலாஷ் கிடந்த திசையை நோக்கியே படகைத் திருப்பினார். தானே மீட்கப்பட வேண்டிய நிலையில் இருந்தவர் அவர். செப்டம்பர் 24 அன்று ஓசிரிஸ் என்னும் பிரெஞ்சுக் கப்பல் இருவரையும் மீட்டு, ஆம்ஸ்டர்டாம் தீவுக்குக் கொண்டுசேர்த்தது. துரியா அக்கடலிலேயே விடப்பட்டது. பின்னர் இந்தியப் போர்க்கப்பல் சத்புரா அபிலாஷைத் தாயகம் கொண்டுவந்தது.

முதுகெலும்பில் டைட்டானியம் கம்பிகள் பொருத்தப்பட்டன. நடப்பதை அவர் மறுபடி கற்றார். 2022 செப்டம்பர் 4 அன்று அடுத்த போட்டி பிரான்ஸிலிருந்து தொடங்கியபோது, புறப்பட்டவர்களுள் அவரும் இருந்தார். அதே தென்பெருங்கடலை மறுபடி கடந்து, 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாவதாகக் கரை சேர்ந்தார்.