விலக்கியதை விற்றல் தருமமாகுமோ?

கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்கலாமோ என்னும் வினா இக்காலத்து உலகெங்கும் எழுந்துள்ளது. உருகுவே 2013 ஆம் ஆண்டிலும், கனடா 2018 ஆம் ஆண்டிலும் அதற்கு இடங்கொடுத்தன. நமது இலங்கையிலோ 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை விலக்கி நிற்கின்றது. ஆயுள்வேத மருந்துக்கு இடமுண்டு. இஃதிங்ஙனமாக, 2022 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில், ஏற்றுமதியின்பொருட்டு அதனைப் பயிரிடுதலைப்பற்றி ஆராய நிபுணர் குழுவொன்று அமைக்கப்படுமென்று கூறப்பட்டது.

தீவகத்தார்க்கு இது தூரத்துச் செய்தியன்று. பாக்குநீரிணையைக் கடந்து வரும் ‘கேரளக் கஞ்சா’ நெடுந்தீவு, ஊர்காவற்றுறைக் கடல்களிற் பலகாற் பிடிபடுதலை யாவரும் அறிவர். படகோடு அகப்படுவோன் வறுமையாற் கூலிக்குச் சென்ற இளைஞனாயிருத்தலுமுண்டு. முதலிட்டவன் கரையிலே சுகமாயிருப்பன்.

தன் மகன் தொடலாகாதென்று சிறையிடும் பொருளை அயலான் மகனுக்கு விற்றுப் பொருளீட்டுதல் தருமமாகுமோ? நோய்க்கு மருந்தாயின் விற்றல் குற்றமன்று. அங்ஙனமாயின் நம் நோயாளர்க்கும் அது கிடைத்தல்வேண்டும். மயக்கத்தின்பொருட்டாயின், கடல் கடந்தமையாற் பாவம் புண்ணியமாகாது.

இதற்கு ஒரு தடையுண்டு; அதனை மறைத்தல் நேர்மையன்று. யாழ்ப்பாணத்தார் நெடுங்காலம் புகையிலை பயிரிட்டுத் திருவிதாங்கூருக்கு அனுப்பினர். அப்பொருளாற் பிள்ளைகளைக் கற்பித்தனர், கோயிற்றிருப்பணியுஞ் செய்தனர். நாமும் அவ்வழியிற் கற்றவரே. ஆயினும், அன்று கேடறியாது விற்றோமென்பது ஒரு சமாதானம். அறிந்தபின் விற்போர்க்கு அச்சமாதானமும் இல்லை.

இன்னுஞ் சிலர், ‘சிவமூலி’ என்னும் பெயரைக் காட்டி, சைவத்துக்கு இஃது உடன்பாடென்பர். பெயர் பிரமாணமாகாது. ஆணவத்தால் மறைப்புண்ட ஆன்மாவுக்கு உடலுங் கரணங்களும் விளக்குப்போல அருளப்பட்டனவென்பது சித்தாந்தம். அவ்விளக்கை அவித்துவிட்டு, அதனைத் தந்தவனை இருளிலே தேடுதல் எங்ஙனம் கூடும்?

ஆயினும் சிறையே மருந்தென்பதும் நம் கருத்தன்று. போர்த்துக்கல் நாடு 2001 ஆம் ஆண்டுமுதல் சிறிதளவு வைத்திருப்போனைக் குற்றவாளியாகக் கொள்ளாது, விசாரணைக்குழுவின் முன்னும் சிகிச்சைக்கும் அனுப்புகின்றது. இவ்வாறு சட்டம் இளகுதல் நன்றேயாம். சட்டம் இளகினும் தருமம் இளகாது.

ஆசிரியர்களே! “சட்டம் அனுமதித்தால் உட்கொள்ளலாமோ?” என மாணவன் வினாவின், “கூடாது” என்றுமாத்திரஞ் சொல்லி அமையற்க. நண்பனிடத்துப் பொய் சொல்வோனைச் சட்டம் தண்டிப்பதில்லை. அதனாற் பொய் நன்றாயிற்றோ என்று அவனையே சிந்திக்கச் செய்க. அஃதன்றியும், குறிகட்டுவான் துறையில் வேலையின்றி நிற்பவன் நம் பழைய மாணவனே. படகுக் கூலி பேசுவோன் அவனைத் தேடி வருகின்றான். நாம் அவனைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசி எத்தனை நாளாயின? சிந்திப்போமாக.