'கோதான்' நாவலில் அச்சமும் துணிவும்: ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

துணிவு என்பது அச்சமின்மை எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஆயின், அஞ்சத்தக்கதற்கு அஞ்சுதல் அறிவுடையார் செயல் என்பது வள்ளுவர் கருத்து. பிளாட்டோவின் 'லாக்கீஸ்' உரையாடலிலும், எதற்கு அஞ்சவேண்டும், எதற்கு அஞ்சவேண்டியதில்லை என்னும் அறிவே துணிவு என்றொரு விளக்கம் ஆராயப்படுகிறது. எனவே ஒருவரது துணிவை மதிப்பிட, அவர் எதற்கு அஞ்சவில்லை என்பதோடு எதற்கு அஞ்சினார் என்பதையும் வினவுதல் வேண்டும். இந்நோக்கில், 1936இல் வெளிவந்த பிரேம்சந்தின் 'கோதான்' என்னும் இந்தி நாவலின் மாந்தரை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

ஹோரியின் அச்சம்

அவத் பகுதியின் பேலாரி என்னும் சிற்றூரில் வாழும் ஏழை உழவன் ஹோரி. அவன் உழைப்புக்கோ பசிக்கோ அஞ்சுபவன் அல்லன். குடும்ப மானம் கெடுமோ, சாதியார் விலக்கிவைப்பரோ என்பதே அவன் அச்சம். கடனுக்கு வாங்கிய பசுவைத் தம்பி ஹீரா நஞ்சிட்டுக் கொன்றபோது, தம்பியைக் காக்கத் தன் மகன் மீதே பொய்ச்சத்தியம் செய்கிறான். உண்மையை வெளிப்படுத்த முனைந்த மனைவி தனியாவை அடிக்கிறான். ஹீராவின் வீடு சோதனையிடப்படாமல் இருக்கக் காவல் அதிகாரிக்குக் கையூட்டுத் தரவும் கடன் வாங்குகிறான். தனியாவோ ஊரார் முன்னிலையில் அப்பணத்தைச் சிதறடிக்கிறாள். உடன்பிறப்பின் மீதான அன்பும் ஊர்ப்பழி குறித்த அச்சமும் பிரிக்கவியலாதவாறு கலந்திருத்தலின், ஹோரியைக் கோழை என ஒதுக்கிவிட இயலாது.

ஒரு செயல், இரு அச்சங்கள்

ஹோரியின் மகன் கோபர், போலா என்பவனின் விதவை மகளான ஜுனியாவைக் கருவுற்ற நிலையில் பெற்றோரின் வீட்டருகே விட்டுவிட்டு லக்னோ நகருக்கு ஓடிவிடுகிறான். முதலில் சினங்கொண்ட ஹோரியும் தனியாவும் இறுதியில் அவளுக்கு அடைக்கலம் தருகின்றனர். அதற்காக ஊர்ப் பஞ்சாயத்து 100 ரூபாயும் 30 மணங்கு தானியமும் தண்டம் விதிக்கிறது. ஹோரி அத்தீர்ப்புக்குப் பணிந்து தானியத்தைத் தானே சுமந்து செல்கிறான்; வீட்டையும் அடகு வைக்கிறான். தனியா அத்தீர்ப்பையே முறையற்றதெனச் சாடுகிறாள். இருவரும் ஏற்றது ஒரே பெண்ணைத்தான். எனினும், ஹோரி தான் செய்த நன்மையைக் குற்றமென ஒப்புகிறான்; தனியா ஒப்ப மறுக்கிறாள். பின்னர்ப் பசுவின் விலைக்கு ஈடாக எருதுகளைக் கைப்பற்ற வந்த போலா, ஜுனியாவை வெளியேற்றினால் அவற்றை விட்டுச்செல்வதாகக் கூறும்போதும் தனியா உடன்படவில்லை. எருதுகளை இழப்பதைவிட, புகலற்ற ஒருத்தியைத் தெருவில் தள்ளுவதே அவள் அஞ்சிய செயலாகும்.

எழும் ஐயம்

எருதிழந்த உழவனின் குடும்பம் நலிவது உறுதி. குழந்தைகளின் உணவைப் பணயம் வைத்த தனியாவின் செயல், அரிஸ்டாட்டில் துணிவினின்றும் வேறுபடுத்தும் கண்மூடித்தனம் ஆகாதா என்னும் வினா எழுகிறது. இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும், கண்மூடித்தனம் விளைவை எண்ணாதது. தனியாவோ விளைவை அறிந்தே மறுக்கிறாள். மேலும், ஹோரியின் பணிவும் குடும்பத்தைக் காக்கவில்லை. நிலத்தைக் காப்பாற்ற 200 ரூபாய் பெற்று, இளைய மகள் ரூபாவை வயதில் மிக மூத்த ஒருவனுக்கு மணமுடிக்கும் நிலைக்கு அவன் தாழ்கிறான். துணிந்தாலும் பணிந்தாலும் இழப்பு நேர்ந்தது. பணிவுக்கான விலையை ஒரு பெண்குழந்தை செலுத்த நேர்ந்தது என்பதே வேறுபாடு.

முடிவுரை

கடும் வெயிலில் கூலிவேலை செய்து ஹோரி உயிர்துறக்கும்போது, பசுதானம் செய்ய வீட்டில் பசு இல்லை. கயிறு விற்றுக் கிடைத்த 20 அணாவைப் புரோகிதர் தாதாதீனிடம் கொடுத்துவிட்டுத் தனியா மயங்கி விழுகிறாள். பஞ்சாயத்தை எதிர்த்தவளும் இறுதியில் சடங்கின் முன் தளர்கிறாள். எனவே துணிவு ஒருவரிடம் என்றும் குன்றாதிருக்கும் உடைமை அன்று. வெற்றிக்கு உறுதி தருவதும் அன்று. அச்சங்கள் பல சூழ்ந்த வேளையில், பிறர்க்குத் தீங்கிழைக்கும் அச்சத்தை ஏனையவற்றினும் மேலாக வைப்பதே துணிவு என்பதை இந்நாவல்வழி உணரமுடிகிறது.