உயிரும் உடைமையும்

உயிர்களைப் பயன்படுத்தி வாழ்தல் மனிதனுக்குப் புதியதன்று. பாலைத் தயிராக்குவனவும் கள்ளைப் புளிக்கச் செய்வனவும் கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்களே. ஆனால், உயிர்த்தொழினுட்பம் என இன்று வழங்கும் துறையில், உயிர் மூலப்பொருளாகின்றது. சில வேளைகளில் அதுவே ஆலையுமாகின்றது. முடிவில் எவரோ ஒருவரின் உடைமையுமாகின்றது. உயிரை இவ்வாறு பயன்படுத்தலாமா எனப் பலர் வினவுகின்றனர். எவருக்காக, எவ்வுரிமையின் பேரில் என்று வினவுவதே பொருத்தமாகும்.

பயன்படுத்தலே பாவம் என்போர் இன்சுலினின் வரலாற்றை நோக்குதல் வேண்டும். நீரிழிவு நோயாளரைக் காக்கும் இம்மருந்து, முன்னர் பன்றி, மாடு ஆகியவற்றின் சதையியிலிருந்தே பெறப்பட்டது. 1978 இல், அதற்குரிய பரம்பரையலகுகளைக் குடலில் வாழும் பற்றீரியா ஒன்றினுட் புகுத்தி, மனித இன்சுலினை விஞ்ஞானிகள் ஆக்கினர். 1982 இல் அது ஐக்கிய அமெரிக்காவில் மருந்தாக அனுமதிக்கப்பட்டது. இது மனித அறிவின் வெற்றி என்பதை மறுப்பதற்கில்லை.

சிக்கல் உடைமையிலே தொடங்குகின்றது. ஜெனரல் இலெக்றிக் நிறுவனத்திற் பணியாற்றிய ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, எண்ணெயைச் சிதைக்கவல்ல பற்றீரியா ஒன்றை உருவாக்கினார். அது உயிருள்ளது என்பது ஆக்கவுரிமைக்குத் தடையாகாதென, 1980 இல், ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதியரசர் உடன்பட, நால்வர் மறுத்தனர். மனிதனின் ஆக்கம் என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம்.

இந்நியாயம் மனித உடலையே தொட்டபோது நிகழ்ந்ததை ஜோன் மூரின் வழக்கிற் காணலாம். குருதிப் புற்றுநோயுற்ற அவருடைய மண்ணீரல், 1976 இல், கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவமனையொன்றில் அகற்றப்பட்டது. அவருடைய கலங்களிலிருந்து, ஆய்வுகூடத்தில் ஓயாது பெருகும் கலத்தொடரொன்று வளர்க்கப்பட்டது. 1984 இல் பல்கலைக்கழகம் அதற்கு ஆக்கவுரிமை பெற்றது. தமக்கு இது அறிவிக்கப்படவில்லை என மூர் வழக்குத் தொடுத்தார். மருத்துவர் தம் ஆராய்ச்சி நோக்கத்தையும் பொருளாதார நலனையும் நோயாளிக்குக் கூறக் கடமைப்பட்டவர் எனக் கலிபோர்னிய உயர் நீதிமன்றம் 1990 இல் ஏற்றுக்கொண்டது. ஆயினும், அகற்றப்பட்ட கலங்களின் மீது மூருக்கு உடைமையுரிமை இல்லையென்றது. அவ்வுரிமையை வழங்கின் ஆராய்ச்சி தடைப்படும் எனவும் அஞ்சியது.

ஆராய்ச்சியாளரின் உழைப்பின்றி அக்கலங்கள் பயன்பட்டிரா என்பது உண்மையே. ஆனால், கலத்தைத் தந்தவனுக்கு உடைமையில்லை, எடுத்தவனுக்கே உடைமை என்பது எவ்வகை நீதி? உயர்திணை, அஃறிணை என மாணவர்க்குப் பகுத்துக் கற்பிக்கின்றோம். சந்தையோ பண்டம் என்னும் ஒரு திணையையே அறியும். ஒன்றை மூலப்பொருள் எனப் பெயரிட்டதும், அதைத் தந்தவர்பால் உள்ள கடமை மறக்கப்படுகின்றது.

மாற்றுவழி இல்லாமலில்லை. இன்சுலினைப் பிரித்தெடுத்த பான்ரிங், பெஸ்ற், கொலிப் ஆகியோர், தம் ஆக்கவுரிமையை 1923 இல், ஆளுக்கு ஒரு டொலர் பெற்று, ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்துக்குக் கையளித்தனர். ஒரு நூற்றாண்டு கழிந்தும், வறிய நாடுகளில் அம்மருந்தை வாங்க வழியற்றோர் உளர். இக்குறைக்கு விஞ்ஞானத்தைப் பழித்துப் பயனில்லை. தந்தவரின் சம்மதமும், பயனில் அவருக்குரிய பங்கும், நோயாளிக்கு எட்டும் விலையும் சட்டமாதல் வேண்டும். உயிரிலிருந்து பெறப்படும் அறிவு சமுதாயத்தின் பொதுச் செல்வம் எனக் கோருவது கற்போர், கற்பிப்போர் அனைவரின் கடமையாகும்.