உதவிய கைக்குக் குற்றம் உண்டோ?

தர்மம் நுட்பமானது. ஆபத்தில் சிக்கியவனைக் காப்பது தர்மம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் காக்கப் புகுந்தவனுடைய கையாலேயே அவனுக்குத் தீங்கு நேர்ந்துவிட்டால், அக்குற்றம் யாரைச் சேரும்? வெள்ளத்தில் தத்தளிப்பவனைப் படகில் இழுத்து ஏற்றுகையில் அவன் தோள் எலும்பு முறியலாம். இடிபாட்டினின்று எடுக்கப்பட்டவன், எடுத்த விதத்தாலேயே உயிர் துறக்கலாம். பின்னர் வழக்கு வருமோ என்னும் அச்சமே இரக்கமுள்ள பலரையும் எட்ட நிற்கச் செய்கிறது. பல்லாயிரவர் கூடும் உத்ஸவ காலத்தில் இதனைச் சிந்திப்பது பொருத்தமேயாகும்.

பலனைக் கொண்டே செயலை மதிக்க வேண்டும் என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. ஸ்ரீமத் ராமாயணத்தில் ஜடாயு பிராட்டியைக் காக்கப் போரிட்டார்; காக்க இயலவில்லை. பலனைப் பார்த்தால் அது தோல்வியே. ஆயினும் பெருமாள் அவருக்குத் தம் திருக்கையாலேயே ஈமக்கடன் செய்தருளினார். காஞ்சிக்கு அருகிலுள்ள திருப்புட்குழி இன்றும் அதனை நினைவூட்டுகிறது.

அப்படியாயின், எண்ணம் தூயதாக இருந்தாலே போதுமன்றோ என்பர் மற்றொரு சாரார். அதுவும் முழுமையன்று. நீந்தத் தெரியாதவன் நல்லெண்ணத்தை மட்டும் துணைகொண்டு ஆற்றில் குதித்தால், காக்கப்பட வேண்டியவர் இருவராகின்றனர்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நெறியை நம் நாட்டுச் சட்டம் நெடுங்காலமாகவே கைக்கொண்டுள்ளது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 92ஆம் பிரிவில் ஓர் உதாரணம் கூறிற்று. வீடு தீப்பற்றி எரிகிறது. மேலே ஒருவனும் ஒரு குழந்தையும் அகப்பட்டுள்ளனர். கீழே சிலர் கம்பளியை விரித்துப் பிடிக்கின்றனர். விழுந்தால் குழந்தை இறக்கவும் கூடும் என்று அறிந்தே, அதனைக் காக்கும் பொருட்டு அவன் கீழே விடுகிறான். குழந்தை இறப்பினும் அவன் குற்றவாளி அல்லன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையும் 30ஆம் பிரிவில் இந்நெறியைக் காத்துள்ளது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. உரிய கவனமின்றிச் செய்த எதுவும் நல்லெண்ணத்தோடு செய்ததாகாது என்று அச்சட்டமே வரையறுக்கிறது. ஆகவே நல்லெண்ணம் என்பது மனத்தின் உருக்கம் மட்டுமன்று. அறிவின் விழிப்பும் கூடியது. மருத்துவர் அறிவதைப் பாமரர் அறிய வேண்டும் என்பதில்லை. ஆனால் படகு தாங்கும் அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றாதிருத்தல், முதுகெலும்பில் அடிபட்டவரை வேறு ஆபத்து இல்லாதபோது புரட்டாதிருத்தல் ஆகியவை எவராலும் இயல்வனவே.

சாலை விபத்துகளைப் பொறுத்தவரை மேலும் தெளிவு பிறந்துள்ளது. உதவியவரைத் துன்புறுத்தலாகாது என்னும் நெறிமுறைகளை 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் நாடெங்கும் கட்டுப்படுத்தும்படி ஆக்கிற்று. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்னும் பிரிவு சேர்ந்தது. கைம்மாறு கருதாமல் விபத்திடத்தில் உதவியவரின் கவனக்குறைவால் தீங்கு நேர்ந்தாலும், அவர்மீது சிவில் பொறுப்போ குற்றப் பொறுப்போ சாராது என்கிறது அது. பதற்றத்தில் நேரும் பிழையைச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது.

ஆயினும் அது வாகன விபத்துக்கே உரியது. வெள்ளம், புயல், தீ ஆகியவற்றின் நிலை வேறு. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 73ஆம் பிரிவு அரசுக்கும், அதன் அலுவலர்க்கும், அதன் பொருட்டுப் பணிசெய்வோர்க்கும் காப்பளிக்கிறது. 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிவந்து எண்ணற்றோரைக் காத்தனர். இவ்வாறு தாமே முன்வருவோரை அப்பிரிவு வெளிப்படையாகச் சுட்டவில்லை. தண்டனைச் சட்டத்தின் காப்போ குற்ற வழக்குக்கு மட்டுமே. நஷ்டஈட்டு வழக்குக்கு அன்று. வாகன விபத்தில் உதவியவனுக்குக் கிட்டும் தெளிவான காப்பு வெள்ளத்தில் உதவியவனுக்கும் கிட்டுவதே நியாயம்.

எனில், தீங்குற்றவன் கதி என்ன என்னும் சங்கை எழும். அவனுடைய இழப்பு பொய்யன்று. அதனை மறப்பதும் தர்மமன்று. ஆனால் அச்சுமையைத் தன் உயிரைப் பணயம் வைத்தவன் ஒருவன்மேல் ஏற்றினால், அடுத்த வெள்ளத்தில் படகுகள் கரையிலேயே நிற்கும். ஆகவே அவ்விழப்பை ஈடுசெய்வது சமுதாயம் முழுவதன் கடனாகும்.

சட்டம் அச்சத்தை நீக்கவல்லது, இரக்கத்தை ஊட்டவல்லதன்று. அச்சம் நீங்கியபின்னும் கை நீளவில்லையெனில், அதற்குக் காரணம் சட்டமன்று, நெஞ்சமே. திருவீதியில் ஒருவர் மயங்கி விழுந்தால், சூழ்ந்து நெருக்காமல் காற்றுக்கு வழிவிடுவதும், மருத்துவ முகாமுக்குச் சொல்லியனுப்புவதும், உதவி வரும்வரை அவரருகே இருப்பதும் அன்பர் யாவர்க்கும் எளிதே. அதுவும் கைங்கர்யமே. ஆபத்பாந்தவனான எம்பெருமான், இரக்கமுள்ள நெஞ்சையும் விழிப்புள்ள கையையும் யாவர்க்கும் தந்தருள்வானாக.