அந்திக்கு முன் ஒரு கிண்ணம் சாறு



அடுக்களையில் நின்று அறம் பேசலாமா என்று எண்ண வேண்டா. அகிம்சையை நாம் நாள்தோறும் பயிலும் பள்ளி அதுவே. அங்கு நான் காலம் தாழ்ந்து கற்ற பாடம் ஒன்றைச் சொல்கிறேன்.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியொன்றில் பணியாற்றியபோது விடுதிப் பொறுப்பும் என்னிடம் இருந்தது. ஒருநாள் மாணவி ஒருத்தி காய்ச்சலில் படுத்திருப்பதாக நண்பகலிலேயே செய்தி வந்தது. பாடக்குறிப்பேடுகளைத் திருத்திவிட்டுச் செல்லலாம் என்றிருந்தேன். சென்றபோது கதிரவன் மறைந்துவிட்டான். விடுதிச் சோறு அவளுக்கு இறங்கவில்லை. "டீச்சர், சூடாகக் கொஞ்சம் சூப் கிடைக்குமா?" என்று கேட்டாள். அந்திக்குப் பின் நான் அடுப்பு மூட்டுவதில்லை. "காலையில் தருகிறேன் அம்மா" என்று கூறித் திரும்பினேன். நோன்பு காத்த நிறைவோடு உறங்கியும் விட்டேன்.

விடிந்ததும் சாறு கொண்டு சென்றேன். பருகியபின், "ராத்திரி முழுக்க இதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன், டீச்சர்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, அதனாலேயே அச்சொல் இன்றும் சுடுகிறது.

பிழை நோன்பினுடையதா? அன்று. பிரமாதம் என்னும் சோர்வின் வயப்பட்டு உயிருக்கு ஊறு செய்வதே இம்சை என்பது உமாசுவாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயத்தில் தரும் விளக்கம். நண்பகல் தொடங்கி அந்தி வரை எனக்குப் பொழுது இருந்தது. சோர்ந்திருந்தவள் நானே. இரவு உண்ணாமை என்பது பகலில் விழிப்பாயிருக்கச் சொல்லும் விரதம்.

அன்று முதல் நான் செய்துவரும் சாறு இதுதான். இருவருக்குக் கைப்பிடியளவு பாசிப்பருப்பு, ஒரு கிண்ணம் நறுக்கிய சுரைக்காய், சில அவரைக்காய், இரண்டு தக்காளி, நான்கு தம்ளர் நீர். மண்ணுக்கடியில் விளையும் கிழங்குகளும், வெங்காயமும் பூண்டும் வேண்டா. நீரை இரட்டையாக மடித்த துணியில் வடிகட்டுங்கள். அவரையைப் பிளந்து, உள்ளே புழு இல்லையெனக் கண்டபின் நறுக்குங்கள். குழைய வேகவைத்து, மசித்து வடித்து, உப்பும், மிளகு சீரகப் பொடியும், பச்சை இஞ்சிக்கு மாற்றாக ஒரு சிட்டிகை சுக்குப் பொடியும் சேருங்கள். நெய்யில் கறிவேப்பிலை தாளித்தால் போதும். சுக்கும் மிளகும் நமக்குப் புதியன அல்ல. சமணச் சான்றோர் கணிமேதாவியார் தம் அறநூலுக்கு ஏலாதி என மருந்தின் பெயரையே சூட்டினார். அம்மருந்தின் ஆறு சரக்குகளில் இவ்விரண்டும் உண்டு.

காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை வழியாகச் சித்தன்னவாசல் சென்றவர்கள், ஏழடிப்பட்டத்தில் 17 கற்படுக்கைகளைக் கண்டிருப்பீர்கள். அங்கே தவமிருந்த முனிவர்கள் தாமே சமைப்பவர் அல்லர். குன்றின் கீழிருந்த இல்லறத்தார் பொழுதறிந்து ஈந்த உணவே அவர்களின் தவத்தைத் தாங்கியது. பிறர் பசியை முன்னதாக எண்ணுவது இல்லறத்தார்க்கு உரிய தவம்.

இப்போது என் அண்டை வீட்டில், பெரிய வளவில் முதிய ஆச்சி ஒருவர் தனித்து வாழ்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில். மாலை 4 மணிக்கு அவர் வாசலில் நின்று, "ஆச்சி, இன்னைக்குச் சாப்பிட முடிஞ்சதா?" என்று கேட்பேன். முடியவில்லை என்றால், அந்திக்கு முன் சாறு பிளாஸ்க்கில் அவர் வீடு சேர்ந்துவிடும். எப்போது பருகுவது என்பது அவர் விருப்பம். என் விரதத்தை அவர்மேல் ஏற்றுவதில்லை.

ஆகாரம், ஔடதம், அபயம், சாத்திரம் எனத் தானம் நான்கு. அக்கிண்ணத்தில் உணவும் மருந்தும் உண்டு. "நமக்கும் ஒருவர் இருக்கிறார்" என்னும் அச்சம் நீங்கிய ஆறுதலும் உண்டு. நான்காவதாகிய கல்வியை மட்டும் நான் கொடுக்கவில்லை. அந்த மாணவி எனக்குக் கொடுத்தாள்.

இன்று கதிரவன் சாய்வதற்கு முன், உங்கள் தெருவில் யார் படுத்திருக்கிறார் என்று ஒருமுறை கேளுங்கள்.

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக!