அறியாமைக்கும் ஒரு கணக்கு

சிவில் இன்ஜினியரின் வேலை, முழுதும் தெரியாத ஒன்றின் மேல் மனிதர்களைக் குடியேற்றுவது. மண்ணுக்குள் என்ன இருக்கிறது, ஊற்றிய கான்கிரீட் எவ்வளவு தாங்கும், ஆற்றில் எந்த ஆண்டு எவ்வளவு வெள்ளம் வரும் என்பதெல்லாம் ஓரளவுக்குத்தான் தெரியும். ஆனாலும் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அரைகுறை அறிவோடு பிறர் உயிருக்குப் பொறுப்பேற்பது அறமாகுமா என்ற கேள்வி இந்தத் தொழிலின் அடியில் எப்போதும் கிடக்கிறது. கட்டாமலே இருந்துவிடுவதும் விடையாகாது. பாலம் இல்லாத ஆற்றையும் மக்கள் இறங்கிக் கடக்கத்தான் செய்வார்கள். ஒதுங்கி நின்றவரின் கை சுத்தமாக இருக்கலாம். ஆற்றோடு போனவருக்கு அதனால் பயனில்லை.

இந்தக் கேள்வியை மிக நெருக்கத்தில் சந்திப்பவர் மண் பொறியாளர். ஒரு மனையில் மூன்று நான்கு இடங்களில் துளை போட்டுப் பார்ப்பார்கள். 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டி 75 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழும். குழாய் முதல் 15 செ.மீ. இறங்குவதை விட்டுவிட்டு, அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை அடி ஆயிற்று என்று எண்ணுவார்கள். மண்ணின் வலுவுக்கு அந்த எண்ணிக்கைதான் சாட்சி. துளைக்கும் துளைக்கும் நடுவில் உள்ள மண்ணை யாரும் பார்த்ததில்லை. என்றோ தூர்த்த கிணறு ஒன்று அங்கே இருக்கலாம். அதனால்தான் மண் தாங்கும் என்று கணக்கு சொல்லும் பாரத்தை இரண்டரையாலோ மூன்றாலோ வகுத்து, கிடைத்ததை மட்டும் அஸ்திவாரத்தின் வழியே இறக்குகிறார்கள். பாடப்புத்தகம் இதைப் பாதுகாப்புக் காரணி என்கிறது. உண்மையில் அது ஓர் ஒப்புதல் வாக்குமூலம். தெரியாதது இவ்வளவு என்று எண்ணாலேயே எழுதிக் கொடுப்பது. தன் அறியாமையை இத்தனை வெளிப்படையாகக் கணக்கில் சேர்க்கும் தொழில்கள் அதிகமில்லை.

கட்டமைப்புப் பொறியாளரின் சிக்கல் காலத்தோடு. தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாளில் கலவையில் கொஞ்சம் எடுத்து 15 செ.மீ. கன அச்சுகளில் நிரப்பி, மறுநாள் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்கிறார்கள். 28 நாள் கழித்து அந்தக் கட்டிகளை நசுக்கிப் பார்த்தால்தான் வலிமை தெரியும். அதற்குள் மேல்தளத்துக்குச் சென்ட்ரிங் அடிக்கத் தொடங்கியிருப்பார்கள். செயல் முந்திக்கொள்கிறது, அறிவு பின்னால் வருகிறது. எம்25 என்ற தரத்தின் வரையறையும் இதை மறைப்பதில்லை: சோதனை முடிவுகளில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் சதுர மி.மீ.க்கு 25 நியூட்டனுக்குக் கீழே போகக்கூடாது என்றால், ஐந்து வரை போகலாம் என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. அதை ஈடுகட்ட, இந்தியத் தர விதி கான்கிரீட்டின் வலிமையை 1.5ஆலும் கம்பியின் வலிமையை 1.15ஆலும் வகுக்கச் சொல்கிறது. ஆலையில் சீராக உருவாக்கிய கம்பியை எவ்வளவு நம்பலாம், வெயிலிலும் மழையிலும் பல கைகள் போட்ட கான்கிரீட்டை எவ்வளவு நம்பலாம் என்ற அனுபவம் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

நீர்வளத் துறையில் அறியாமையின் விலையைக் கொடுப்பவர் வேறொருவர். நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு ஆண்டுக்கு ஒருமுறை முறைவைத்து வரும் வெள்ளம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் அது வருவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்று என்பதே பொருள். அந்த அளவுக்குக் கட்டிய கரையோரம் ஒரு குடும்பம் 30 ஆண்டு வாழ்ந்தால், வெள்ளம் கரையைத் தாண்டுவதை ஒருமுறையாவது பார்க்கும் வாய்ப்பு நாலில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். கரையை இன்னும் ஒரு மீட்டர் உயர்த்தலாம். அதற்கான பணம் வேறோர் ஊரின் குடிநீர்க் குழாயிலிருந்து வரும். எங்கே நிறுத்துவது என்பதைக் கணிதம் சொல்லாது. அது அறத்தின் கேள்வி. கரையோரம் குடியிருப்பவரைக் கேட்காமல் அதைத் தீர்ப்பது இந்தத் தொழிலின் பெரிய குறை. சாலைப் பொறியாளர் ஓட்டுநர் சுதாரிக்க 2.5 வினாடி என்று வைத்து வளைவுகளை அமைக்கும்போதும் முன்பின் தெரியாத ஒருவரின் உயிரைத்தான் ஓர் எண்ணில் அடக்குகிறார்.

இந்த எண்களுக்குப் பின்னால் இருப்பவரும் தவறக்கூடியவர் என்பதைக் கனடா ஒரு துயரத்தில் கற்றது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மேல் எழுந்துகொண்டிருந்த க்யூபெக் பாலம் 1907 ஆகஸ்ட் 29 அன்று மாலை, வேலை முடியும் நேரத்தில், ஆற்றில் சரிந்தது. 75 தொழிலாளர்கள் இறந்தார்கள்; பலர் மொஹாக் பழங்குடி மக்கள். இரண்டு தூண்களுக்கு நடுவே பாலம் தாண்ட வேண்டிய தூரம் 1600 அடியிலிருந்து 1800 அடியாக நீட்டப்பட்டிருந்தது. கூடிய எடையை முறையாகத் திரும்பக் கணக்கிடவில்லை. அடித்தண்டுகள் வளைவதைப் பல நாள் முன்பே கண்டு அளந்திருந்தார்கள். ஆலோசகப் பொறியாளர் தியோடர் கூப்பர் நியூயார்க்கில் இருந்தார். மேலும் பாரம் ஏற்ற வேண்டாம் என்று அவர் கொடுத்த தந்தி, பாலத்தில் நின்றவர்களை எட்டவில்லை.

1925 முதல் கனடாவில் பட்டம் பெறும் பொறியாளர்கள் ஒரு சடங்கில் உறுதியேற்று, வேலை செய்யும் கையின் சுண்டுவிரலில் இரும்பு மோதிரம் அணிகிறார்கள். இடிந்த பாலத்தின் இரும்பில் செய்தது என்ற கதை உண்மையல்ல. பொறியியல் பேராசிரியர் ஹால்டெயின் கேட்டுக்கொள்ள, உறுதிமொழியை எழுதிக் கொடுத்தவர் ஆங்கில எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங். கிப்ளிங் எழுதிய வடிவில் வியப்பான ஒரு பகுதி உண்டு: இனி நேரப்போகும் தவறுகளுக்காக, தொழிலில் காலெடுத்து வைக்கும் நாளிலேயே பொறியாளர் மன்னிப்புக் கேட்கிறார்.

பூஜையின் முடிவில், மந்திரத்திலும் கிரியையிலும் நேர்ந்த குறைகளைப் பொறுத்தருள வேண்டுவது வழக்கம். அது நடந்து முடிந்த குறைக்கு. இன்னும் நடக்காத பிழைக்கு மன்னிப்பு என்பதைச் சமயங்கள் எளிதில் ஏற்பதில்லை. அப்படிக் கிடைத்தால் பிழை செய்ய அதுவே அனுமதிச் சீட்டாகிவிடும். தெரிந்துகொள்ள முடிந்ததையெல்லாம் தெரிந்துகொண்டு, மிஞ்சிய தெரியாமைக்கும் இடம் ஒதுக்கியவர் கேட்டால்தான் அந்த மன்னிப்புக்குப் பொருள் உண்டு. தூர்த்த கிணறு துளைகளுக்கு நடுவில் மறைந்திருந்தால் அது அவ்வகை. வளைந்த தண்டை அளந்து பார்த்த பிறகும் பாரம் ஏற்றிக்கொண்டிருந்தது அவ்வகை அல்ல. அங்கே தெரியாமை இல்லை. தெரிந்ததைத் தள்ளிப்போட்டது மட்டுமே இருந்தது.

கட்டடம் நடக்கும் இடத்தில் இந்த எல்லைக்கோடு பெரிய சபதங்களில் வருவதில்லை. கான்கிரீட் வண்டி வாசலில் வந்து நிற்கிறது. டிரம் சுழல்கிறது, நேரம் போகிறது, மேஸ்திரி அவசரப்படுத்துகிறார். பீமின் அடியில் கவர் பிளாக் ஒன்று நழுவி, கம்பி பலகையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் இருக்க வேண்டிய 25 மி.மீ. இடைவெளி அங்கே இல்லை. ஊற்றிவிட்டால் யார் கண்ணிலும் படாது. ஆண்டுகள் கழித்து ஈரம் ஏறி, கம்பி துருப்பிடித்துப் பருத்து, கூரைப் பூச்சை உதிர்க்கும். அப்போது கீழே ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம். சைட் இன்ஜினியர் வண்டியைக் காத்திருக்கச் சொல்லி, கடப்பாறையால் கம்பியை நெம்பித் தூக்கச் செய்து, கவர் பிளாக்கை அடியில் தள்ளி, கட்டுக்கம்பியால் முறுக்குகிறார். பிறகுதான் கலவை இறங்குகிறது.