மூன்று விரல் உப்பும் மூன்று அளவைகளும்

பேதியில் துவண்டு கிடக்கும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் அதுவும் வெளியேதான் போகிறது. எனவே தண்ணீரைக் குறைப்பதே நல்லது என்று உலகெங்கும் எத்தனையோ தாய்மார்கள் முடிவு கட்டியிருக்கிறார்கள். அறியாமை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. குடலுக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லி மருத்துவர்களும் நெடுங்காலம் இத்தகைய குழந்தைகளைப் பட்டினி போட்டவர்கள்தாம்.

சைவ சித்தாந்தம் அறிவுக்குக் காட்டும் வழிகளான அளவைகளில் முதன்மையானவை காட்சி (நேரில் காண்பது), கருதல் (கண்டதிலிருந்து ஊகிப்பது), உரை (நம்பத்தக்கவர் சொல்). பேதியில் முதல் இரண்டுமே ஏமாற்றிவிடுகின்றன. கண்ணுக்குத் தெரிவது போக்கு மட்டும்; கொல்வதோ உடல் இழக்கும் நீரும் உப்பும். மிஞ்சுவது உரை. ஆனால் யார் சொன்னால் நம்பலாம்?

1971இல் வங்காள அகதிகள் நிறைந்த பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மஹாலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை நோயாளிகளின் உறவினர்கள் கையாலேயே கொடுக்க வைத்தார். நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. பிறகு 1980 முதல் பத்தாண்டுகள் பிராக் என்னும் தொண்டு அமைப்பின் பெண் பணியாளர்கள், இத்தகைய நீரை வீட்டிலேயே கலக்கக் கற்பிக்க, வங்கதேசத்தின் சுமார் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்குப் போனார்கள். அரை சேர் தண்ணீர், மூன்று விரலால் அள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம். தாயே கலக்கிக் காட்ட வேண்டும். சில வாரம் கழித்து இன்னொருவர் வந்து, சொல்லிக்கொடுத்தது எவ்வளவு நினைவிருக்கிறது என்று கேட்பார். பணியாளரின் சம்பளம் அதைப் பொறுத்தது.

தாய்மார்கள் அழகாக ஒப்பித்தார்கள். பிள்ளைக்குப் பேதி கண்டபோது கலக்கிக் கொடுத்தவர்களோ முதலில் மிகச் சிலரே.

விசாரித்தபோது தெரிந்தது, பணியாளர்களுக்கே அந்த நீரில் முழு நம்பிக்கை இல்லை என்பது. வீட்டு ஆண்களை யாரும் கலந்து பேசவும் இல்லை. இன்னொன்றும் புலப்பட்டது. தாய்மார்கள் பேதியை ஒரே நோயாகப் பார்க்கவில்லை: பால்குடிப் பிள்ளைக்கு வருவது, செரிமானக் கோளாறால் வருவது, சீதபேதி, நீராய்க் கொட்டும் கடும்பேதி என்று நான்காகப் பிரித்து வைத்திருந்தார்கள். உப்பு–வெல்ல நீர் கடைசி வகைக்குத்தான் என்று பெரும்பாலோர் கொண்டார்கள். கேள்வித்தாள் இவர்களை அறியாதவர் பட்டியலில் சேர்த்திருக்கும். இருந்ததோ வேறொரு அறிவு, அதுவும் நுட்பமானது.

அந்த நீர் பேதியை உடனே நிறுத்துவதும் இல்லை. இழந்ததை ஈடுசெய்கிறது, அவ்வளவே. குடலில் சர்க்கரையோடு சேர்ந்தே உப்பு உள்ளே போகிறது என்று ராபர்ட் கிரேன் 1960இல் விளக்கினார். தண்ணீர் அவற்றைத் தொடர்கிறது. தாய் இதை அறியாள். சீட்டு எழுதும் மருத்துவரிலும் எத்தனை பேர் இதைச் சோதித்துப் பார்த்திருப்பார்கள்? அவர்களுக்கும் இது பாடப்புத்தகம் சொன்ன உரைதான்.